பிஸ்கட் டின்னில் மிஞ்சியிருந்த நான்கு கெப்சூல்கள்

எங்கள் வீட்டில் பிரிஜ்ஜுக்கு மேலே ஒரு பழைய பிஸ்கட் டின் இருந்தது. யாருக்கு மருந்து எடுத்தாலும் குடித்து முடியாமல் மிஞ்சுவதெல்லாம் அதற்குள்தான் போய்ச் சேரும். பனடோல் அட்டை, பாதி குடித்த இருமல் பாணி, எதற்கென்று யாருக்கும் நினைவில்லாத வெள்ளைக் குளிசைகள் எல்லாம் அதில் கிடக்கும். காசு கொடுத்து வாங்கியதை வீசுவதற்கு யாருக்குத்தான் மனம் வரும்? வீண்விரயம் கூடாது என்று கேட்டு வளர்ந்தவள் நான். அந்த டின்னை ஒரு சேமிப்பாகவே எண்ணியிருந்தேன்.

2016 நவம்பரில் ஒரு மழை இரவு. இஷா தொழுதுவிட்டு வந்த மாமி, "தொண்டை நோகுது மகள், மேலும் சுடுகுது" என்றார். தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் இருந்தது. டிஸ்பென்சரி பூட்டியிருக்கும் நேரம். மூன்று வாரங்களுக்கு முன் மூத்த மகனுக்குத் தொண்டையில் சீழ் வைத்தபோது கிடைத்த கெப்சூல்களில் நான்கு டின்னில் கிடந்தது நினைவுக்கு வந்தது. சிறிய பிளாஸ்டிக் பக்கற். அதன்மேல் பேனையால் '1 × 3' என்று மட்டும் எழுதியிருந்தது. அதுவும் தொண்டை, இதுவும் தொண்டை. ஒன்றை எடுத்து, சுடுதண்ணீருடன் கொடுத்தேன்.

மாமி கையில் வைத்துப் பார்த்தார். "இது என்ன மருந்து மகள்? எனக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது, தெரியுந்தானே?"

"அது ஊசி மாமி. இது கெப்சூல்" என்றேன்.

இந்தப் பதிலை நான் எத்தனை நாள் நினைத்து அழுதிருப்பேன் என்பது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

கால் மணித்தியாலம் ஆகியிருக்காது. உள்ளங்கை அரிக்கிறது என்றார். பிறகு கழுத்தெல்லாம் தடித்துச் சிவந்தது. உதடு வீங்கியது. "மூச்சு எடுக்க ஏலாம இருக்கு மகன்" என்று என் கணவரைப் பார்த்துச் சொன்ன குரல் மாமியின் குரலாகவே இல்லை. அடுத்த வீட்டுக்காரர் முச்சக்கரவண்டியை எடுத்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மாமியின் தலை என் தோளில் தொங்கியது.

கடமையில் இருந்த பெண் டொக்டர் முதலில் கேட்டது, "என்ன மருந்து கொடுத்தீர்கள்?" என்றுதான். எனக்குப் பெயர் தெரியாது. "சிவப்பும் மஞ்சளும் கெப்சூல்" என்றேன். எத்தனையோ மருந்துகள் சிவப்பும் மஞ்சளுமாக வருகின்றன. அவர் அதற்குமேல் காத்திருக்கவில்லை. தொடையில் அட்ரினலின் ஊசி போட்டார், ஒட்சிசன் பிடித்தார், கையில் சேலைன் ஏற்றினார். சில நிமிடங்களில் மாமியின் மூச்சு சீராகத் தொடங்கியது. அல்ஹம்துலில்லாஹ். ஆனாலும் வீட்டுக்கு விடவில்லை. இப்படியான ஒவ்வாமை அடங்கிய பின்னரும் சில மணித்தியாலங்களில் மீண்டும் தலைதூக்கக் கூடுமாம். அன்றிரவு முழுவதும் வார்ட்டில் கட்டிலருகே உட்கார்ந்திருந்தேன்.

விடிந்ததும் இவர் அந்தப் பக்கற்றை எடுத்துக்கொண்டு டிஸ்பென்சரிக்குப் போய் விசாரித்து வந்தார். அமொக்சிசிலின் 500 மில்லிகிராம். டொக்டர் அதைக் கேட்டு என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். "அமொக்சிசிலினும் பென்சிலின்தான். ஒரே குடும்பம்" என்றார். சிங்களமும் தமிழும் கலந்துதான் பேசினார். ஆனால் 'குடும்பம்' என்ற சொல்லை மட்டும் தெளிவான தமிழில் சொன்னார். பிறகு மாமியின் கிளினிக் கொப்பியை வாங்கி, முதல் பக்கத்தில் சிவப்புப் பேனையால் பென்சிலின் ஒவ்வாமை என்று பெரிதாக எழுதி, அடியில் கோடும் போட்டார்.

போகிறபோது இன்னொன்றும் சொன்னார். மாமிக்கு வந்திருந்தது வைரஸால் வந்த தொண்டை நோவாம். எந்த அன்டிபயோட்டிக்கும் தேவைப்பட்டிருக்கவில்லை.

அன்டிபயோட்டிக் என்றால் ஒரே மருந்து, சிலது பலமானது, சிலது பலம் குறைந்தது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். நம்மில் பலர் டொக்டரிடம், "கொஞ்சம் பவர் கூடினதாகத் தாருங்கள்" என்று கேட்பதும் இந்த எண்ணத்தில்தான். என் சாச்சாவின் மகன் ஒருவர் மருந்தாளர். ஆஸ்பத்திரியால் வந்த பிறகு அவரைப் பிடித்து உட்காரவைத்துக் கேட்டேன். "ராத்தா, பவர் என்று ஒன்றுமில்லை. எந்தக் கிருமிக்கு எந்தக் குடும்பத்து மருந்து பொருந்தும் என்பதுதான் விஷயம்" என்றார். அவரிடம் கேட்டதும், பின்னர் தேடி வாசித்ததுமே இங்கே எழுதுபவை.

பென்சிலினை 1928 இல் லண்டனில் அலெக்சாண்டர் பிளெமிங் பூஞ்சணத்தில் கண்டார். அதை மனிதருக்குக் கொடுக்கும் மருந்தாக ஆக்கியவர்கள் ஒக்ஸ்போர்டில் புளோரியும் செயினும் அவர்களது குழுவினரும். 1941 இல் அல்பர்ட் அலெக்சாண்டர் என்ற பொலிஸ்காரருக்குச் சிகிச்சையாக முதன்முதலாக அதை ஏற்றினார்கள். முகமெல்லாம் சீழ் பிடித்துக் கிடந்த மனிதர் தேறத் தொடங்கினார். ஆனால் மருந்து போதவில்லை. அவருடைய சிறுநீரிலிருந்துகூட மருந்தைப் பிரித்தெடுத்துத் திரும்ப ஏற்றிப் பார்த்தார்கள். அதுவும் முடிந்தது. அவர் இறந்துபோனார். இதை வாசித்தபோது என் பிஸ்கட் டின்தான் கண்முன் வந்தது. அங்கே மருந்து போதாமல் ஒரு மனிதர் மௌத்தானார். இங்கே மிஞ்சிய மருந்தால் ஒருவர் மௌத்தின் வாசல்வரை போய்வந்தார்.

பக்டீரியாவுக்கு ஒரு சுவர் உண்டு. பென்சிலின் அந்தச் சுவரைக் கட்டவிடாமல் தடுக்கிறது. நம் உடம்பின் கலங்களுக்கு அப்படியான சுவர் கிடையாது. ஆகவே ஒவ்வாமை இல்லாதவர்களுக்கு இதைப்போலப் பாதுகாப்பான மருந்து குறைவு. கர்ப்பிணித் தாய்மாருக்கும் கைக்குழந்தைகளுக்கும்கூடக் கொடுக்கிறார்கள். வாதக்காய்ச்சலால் இதயம் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை வருடக்கணக்காகப் போடப்படும் ஊசியும் பென்சிலின்தான். மாமிக்குச் சிறுவயதில் அந்த ஊசி போட்டபோதுதான் உடம்பு தடித்ததாம். அன்று முதல் மாமியின் கணக்கில் பென்சிலின் என்றால் ஊசி. என் கணக்கிலும் அப்படியே. அம்பிசிலின், அமொக்சிசிலின், குளொக்சசிலின், புளுகுளொக்சசிலின் எல்லாம் அதே இரத்தம். பெயரின் வாலைப் பார்த்தால் தெரிந்துவிடும். 'சிலின்' என்று முடியும். ஆனால் ஓக்மென்டின் போன்ற வியாபாரப் பெயர்களில் அந்த வால் இருக்காது. அதற்குள் இருப்பதும் அமொக்சிசிலினே.

இதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது. அமொக்சிசிலின் குடித்து வயிற்றோட்டம் போனால், "எனக்கு அது ஒத்துக்கொள்ளாது" என்று சொல்லிவிடுகிறோம். அது ஒவ்வாமை அல்ல. குடலிலுள்ள நல்ல பக்டீரியாவும் சேர்ந்து அழிவதால் வருவது. தமக்குப் பென்சிலின் ஒவ்வாமை என்று சொல்பவர்களைப் பரிசோதித்துப் பார்த்தால், மிகப் பெரும்பாலானோருக்கு உண்மையில் இல்லை என்றே தெரியவந்திருக்கிறது. பொய்யாக ஒவ்வாமை என்று எழுதிக்கொண்டால் நல்ல மருந்து ஒன்றை வாழ்நாள் முழுக்க இழந்துவிடுகிறோம். ஆகவே டொக்டரிடம் 'ஒத்துக்கொள்ளாது' என்று மட்டும் சொல்வது போதாது. தடித்ததா, வீங்கியதா, மூச்சு முட்டியதா, குடித்து எவ்வளவு நேரத்தில் என்பதையும் சொல்லவேண்டும்.

பென்சிலினுக்கு ஒன்றுவிட்ட சகோதரர்கள் செபலோஸ்போரின்கள். செபலெக்சின், செபுரொக்சிம், செபிக்சிம், ஊசியாகப் போடும் செப்ட்ரையக்சோன். பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர்களில் பெரும்பாலானோருக்கு இவை ஒன்றும் செய்வதில்லை. ஆனால் அமொக்சிசிலினும் செபலெக்சினும் உருவத்தில் மிகவும் நெருங்கியவை. மாமியைப் போல மூச்சடைத்தவர்களுக்கு அந்தச் சொந்தம் ஆபத்தானது.

அடுத்தது 'மைசின்' என்று முடிபவை. இங்கே வாலை நம்பமுடியாது. எரித்ரோமைசின், கிளரித்ரோமைசின், அசித்ரோமைசின் ஒரு குடும்பம். ஜென்டாமைசினும் ஸ்ட்ரெப்டோமைசினும் முற்றிலும் வேறு குடும்பம். முதல் குடும்பத்தின் மூத்தவர் எரித்ரோமைசின். பிலிப்பைன்ஸ் மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து கிடைத்து 1952 இல் பாவனைக்கு வந்தது. பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இது பல வேளைகளில் கைகொடுக்கும். ஆனால் வயிற்றைப் பிரட்டும், சத்தி வரும். சிலருக்கு இதயத் துடிப்பின் தாளத்தைக் குழப்பும். கொழுப்புக்குக் குடிக்கும் சில ஸ்டாட்டின் குளிசைகளுடன் எரித்ரோமைசினோ கிளரித்ரோமைசினோ சேர்ந்தால் தசைகள் பாதிக்கப்படலாம். கிளினிக்கில் மருந்தெடுக்கும் நம் மூத்தவர்கள் எத்தனை பேர் இரவில் அந்தக் குளிசையைப் போட்டுக்கொள்கிறார்கள்! தனியார் டொக்டரிடம் போகும்போது கிளினிக் கொப்பியைக் கொண்டுபோகாமல் விடுவதில் இருக்கும் அபாயம் இதுதான். இரண்டாவது குடும்பம் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் ஊசியாகப் போடுவது. சிறுநீரகத்தையும் காதையும் பாதிக்கக் கூடியது என்பதால் அளந்து பார்த்துத்தான் போடுவார்கள். அந்தக் காலத்தில் சயரோகத்துக்கு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டவர்களில் சிலருக்குக் காது மந்தமானது இதனால்தான்.

டெட்ராசைக்ளின் குடும்பத்தை எங்கள் வீட்டார் பெயர் தெரியாமலே அறிவார்கள். என் மாமாவின் மகள் ஒருத்தி சிரிக்கும்போதெல்லாம் முந்தானையால் வாயை மூடுவாள். வெட்கம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். சிறுவயதில் கொடுத்த டெட்ராசைக்ளின் பாணியால் அவளுடைய பற்களில் மஞ்சளும் மண்ணிறமுமாகக் கோடுகள் விழுந்திருந்தன. பல் வளரும் பருவத்தில் இந்த மருந்து பல்லோடு சேர்ந்து படிந்துவிடும். அதனால்தான் கர்ப்பிணிகளுக்கும் எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் பொதுவாக இதைத் தவிர்க்கிறார்கள். அவளுடைய கல்யாணப் போட்டோக்களில்கூட வாய் திறந்து சிரித்த ஒன்றும் இல்லை.

அதே குடும்பத்து டொக்சிசைக்ளின் நம் நாட்டு விவசாயிகளுக்குப் பெரிய துணை. எலிக்காய்ச்சல் பரவும் பகுதிகளில் வயலில் இறங்குவோருக்கு வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் குடிக்கும்படி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் ஊடாகக் கொடுக்கிறார்கள். இதைக் குடிப்பதற்கும் ஒரு முறை உண்டு. தண்ணீர் நிறையக் குடிக்கவேண்டும். குடித்த கையோடு படுக்கக் கூடாது. குளிசை தொண்டைக் குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிவிடும். பாலுடனோ, இரும்புச்சத்து, கல்சியம் குளிசைகளுடனோ சேர்த்துக் குடித்தால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. வெயிலில் தோல் எளிதில் கருகும். வயல்காரருக்கு வெயில் படாமல் முடியுமா என்று கேட்கலாம். முழுக்கைச் சட்டையும் தொப்பியும்தான் வழி.

சிப்ரோபுளொக்சசின், லெவோபுளொக்சசின் என்பவை இன்னொரு கூட்டம். சிறுநீர்க் கடுப்புக்கும் சில வகைக் காய்ச்சல்களுக்கும் தருவார்கள். குதிகாலுக்கு மேலுள்ள தசைநாரை இவை அறுத்துவிடக் கூடும் என்று 2008 இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் கடும் எச்சரிக்கை விடுத்தது. 2016 இல் அதை மேலும் இறுக்கியது. அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கும் ஸ்டெரொய்ட் குளிசை குடிப்பவர்களுக்கும் அபாயம் அதிகம். நீரிழிவுக்காரருக்குச் சீனி திடீரென்று இறங்கவும் ஏறவும் கூடும். மருந்து தொடங்கிய பின் குதிகால் நோகிறது என்று வாப்பாவோ உம்மாவோ சொன்னால், நடந்த களைப்பு என்று எண்ணெய் தேய்த்துவிட்டு இருக்காதீர்கள். மருந்தை நிறுத்திவிட்டு உடனே டொக்டரிடம் சொல்லுங்கள்.

மற்றவற்றை ஓரிரு சொல்லில் முடித்துவிடுகிறேன். மெட்ரோனிடசோல் வாயில் உலோகச் சுவை தரும். மதுவுடன் சேரக் கூடாது என்பது நமக்குப் பொருந்தாது என்று நினைக்கவேண்டாம், சில இருமல் பாணிகளிலும் மதுசாரம் இருக்கிறது. சல்பா இனத்தைச் சேர்ந்த கோட்ரைமொக்சசோல் அரிதாகத் தோலையே உரித்துவிடும் அளவுக்குக் கடும் ஒவ்வாமை தரும். நெருப்புக் காய்ச்சலுக்கு ஒரு காலத்தில் உயிர்காத்த குளோரம்பெனிக்கோல், பல்லாயிரத்தில் ஒருவருக்கு எலும்பு மச்சையில் இரத்தம் ஊறுவதையே நிறுத்திவிடும் என்பதால், இன்று பெரும்பாலும் கண்துளி மருந்தாகவே மிஞ்சியிருக்கிறது.

நோன்பு காலத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். என் மச்சான் ஒருவர் பல்லில் சீழ் வைத்தபோது மூன்று வேளைக் கெப்சூலை ஸஹருக்கு ஒன்றும், நோன்பு திறந்ததும் இரண்டுமாகப் போட்டுக்கொண்டார். கணக்குச் சரிதானே என்றார். மூன்று வேளை என்றால் எட்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை. பென்சிலின் குடும்பம் வேலை செய்வது இரத்தத்தில் அது போதிய அளவு இருந்துகொண்டிருக்கும் நேரத்தைப் பொறுத்தது. இரண்டை ஒன்றாகப் போட்டால் இடையில் விழுந்த பதின்மூன்று, பதினான்கு மணித்தியால ஓட்டை அடைபடாது. அவருடைய தாடை வீங்கி, கடைசியில் ஆஸ்பத்திரியில் நாலு நாள் கிடந்து, அந்த நோன்புகளையும் பிறகு கழாச் செய்தார். நோயாளிக்கு அல்லாஹ் தந்த சலுகையை மறுப்பதில் என்ன நன்மை இருக்கிறது? நாளுக்கு ஒருமுறை குடிக்கும் மருந்து நம் நோய்க்குப் பொருந்துமா என்று டொக்டரிடம் கேட்கலாம். கெப்சூலின் உறை என்ன ஜெலட்டின் என்று மனம் உறுத்தினால் அதையும் கேட்கலாம், குளிசையாகவோ பாணியாகவோ இருக்கும். கேட்காமல் நாமே கணக்குப் போடுவதுதான் பிழை.

எத்தனை நாள் குடிப்பது என்பதும் நம் கணக்கு அல்ல. ஒரு நோய்க்கு மூன்று நாள் போதும், இன்னொன்றுக்குப் பத்து நாள். சுகமானதும் பாதியில் நிறுத்தி என் மகனுக்குக் கெப்சூல் மிஞ்சியதே நான் செய்த முதல் பிழை. குறைந்த அளவில் குடித்தால் கிருமி சாகாமல் மருந்தை எதிர்க்கப் பழகிவிடும் என்று பிளெமிங்கே 1945 இல் நோபல் பரிசு உரையில் எச்சரித்திருக்கிறார். 2019 ஆம் ஆண்டில் மட்டும், மருந்துக்கு அடங்காத பக்டீரியாவால் உலகில் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் உயிரிழந்ததாக 2022 இல் வெளியான ஆய்வு மதிப்பிடுகிறது. தடிமனுக்கும், டெங்குவுக்கும், சாதாரண இருமலுக்கும் அன்டிபயோட்டிக் கேட்டு அடம்பிடிக்கும் நாமும் இதில் பங்காளிகள். வைத்தியரின் துண்டில்லாமல் விற்கக் கூடாத மருந்தை "இரண்டு மட்டும் தாருங்கள்" என்று பாமசியில் வாங்கும் பழக்கம் எங்கள் தெருவிலும் இருக்கிறது.

பிஸ்கட் டின்னை அந்த வாரமே காலி செய்தேன். குளிசைகளைத் தேயிலைச் சக்கையுடன் பிசைந்து பையில் கட்டி வீசினேன். டின்னில் இப்போது சவ்வரிசி இருக்கிறது.

மாமி அதன்பின் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. கேட்டால், "நான்தானே மகள் விழுங்கினேன்" என்பார். ஆனால் ஒரு பழக்கம் வந்துவிட்டது. ஊரில் யாருக்குச் சம்பந்தம் பேசினாலும் "எந்தக் குடும்பம்?" என்று முதலில் கேட்பவர் மாமி. இப்போது குளிசைக்கும் அதே கேள்வி.

சென்ற வருடம் மாமியின் காலில் முள் குத்திப் புண்ணாகிச் சிவந்தது. நான் வீட்டில் இல்லை. பேரன் டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போயிருக்கிறான். பக்கற்றில் வழக்கம்போல 1 × 4. மாமி கவுண்டரை விட்டு நகரவில்லையாம். பின்னால் வரிசை நீள்கிறது, மருந்து கொடுக்கும் பிள்ளைக்கு எரிச்சல். "பெயரை எழுதித் தாங்க மகள், எழுதாம நான் போக மாட்டேன்" என்றிருக்கிறார். எழுதிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து என்னிடம் நீட்டினார். செபலெக்சின்.

கிளினிக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு அப்படியே திரும்பிப் போனோம். டொக்டர் முதல் பக்கத்துச் சிவப்பு எழுத்தைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் பக்கற்றைத் திரும்ப வாங்கிக்கொண்டு எரித்ரோமைசின் எழுதினார். அடுத்த பக்கங்களைப் புரட்டிவிட்டு, இது முடியும்வரை இரவில் குடிக்கும் கொழுப்புக் குளிசையை நிறுத்தச் சொன்னார்.

முச்சக்கரவண்டியில் ஏறியதும் மாமி கேட்டார். "இது எந்தக் குடும்பம் மகள்?"

சொன்னேன். ஏழு நாளில் புண் ஆறியது. வயிறு மட்டும் கொஞ்சம் பிரட்டியது.